14416, அரசு மனநலப் பிரிவு, தனியார் ஆலோசகர்: ராமநாதபுரம் கடற்கரையில் கிடைக்கும் கவுன்சலிங் சேவைகள் ஒரு மதிப்பீடு

தொண்டி, தேவிபட்டினம் தொடங்கி மண்டபம், ராமேஸ்வரம் தீவு, பெரியபட்டினம், கீழக்கரை, ஏர்வாடி, சாயல்குடி வரை இந்தக் கரையில் கவுன்சலிங் தேடுகிறவருக்கு நடைமுறையில் மூன்று வழிகள் உண்டு. போனில் 14416 என்ற அரசு மனநல உதவி எண். நேரில் என்றால் ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவு, அதையொட்டி மாவட்ட மனநலத் திட்டம். கட்டணம் கொடுக்க முடிந்தால் தனியார் ஆலோசகர். மூன்றில் எது நல்லது என்று விசாரிக்கிறவர்கள் பட்டம் என்ன, எத்தனை வருட அனுபவம், எந்த முறையில் செய்வார் என்றே கேட்கிறார்கள். அறுபது வருடத்துக்கும் மேலான ஆராய்ச்சி பார்க்கச் சொல்லும் இடம் வேறு: உதவி கேட்பவருக்கும் உதவி செய்பவருக்கும் நடுவில் என்ன உருவாகிறது என்பது. இந்த மதிப்பீடும் அதை வைத்தே எழுதப்பட்டது.

1957இல் அமெரிக்க உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ் ஒரு கட்டுரையில், மனமாற்றத்துக்கு வேண்டியவை என்று சில நிபந்தனைகளைச் சொன்னார். ஆலோசகர் எதிரில் இருப்பவரைத் தீர்ப்புச் சொல்லாமல் ஏற்க வேண்டும், அவர் நின்ற இடத்திலிருந்து விஷயத்தைப் பார்க்க வேண்டும், நடிக்கக் கூடாது. இவை போதும் என்றும் அவர் சொன்னது இன்றுவரை விவாதத்தில் இருக்கிறது. 1979இல் எட்வர்ட் போர்டின் இதைக் கையில் பிடித்துச் சோதிக்கும்படி மூன்றாகப் பிரித்தார். எதைச் சரிசெய்யப் போகிறோம் என்பதில் ஒப்புதல். அதற்கு இருவரும் என்ன செய்யப் போகிறோம் என்பதில் ஒப்புதல். இவரை நம்பிப் பேசலாம் என்ற பிடிப்பு. 2018இல் ஃப்ளூக்கிகர் குழு 295 ஆய்வுகளை, 30,000க்கும் மேற்பட்டவர்களின் தரவை ஒன்றாக்கிப் பார்த்தபோது இந்த மூன்றுக்கும் பலனுக்கும் உள்ள தொடர்பு (0 என்றால் தொடர்பே இல்லை, 1 என்றால் முழுத் தொடர்பு) 0.278 என்று வந்தது. ஆளுக்கு ஆள் பலன் வேறுபடுவதில் ஏறக்குறைய 8 சதவீதத்தை இது விளக்குகிறது. சின்ன எண்ணாகத் தெரியலாம். ஆனால் ஒரு சிகிச்சை முறைக்கும் இன்னொன்றுக்கும் உள்ள வித்தியாசம் பெரும்பாலான ஒப்பீடுகளில் இதைவிடச் சிறியது.

அனுபவ வருடங்கள் பற்றி ஒன்று. 2016இல் கோல்ட்பர்க் குழு 170 சிகிச்சையாளர்களையும் அவர்களிடம் வந்த 6,591 பேரையும் பல வருடங்கள் பின்தொடர்ந்தது. வருடம் கூடக்கூடப் பலன் சராசரியாகக் கூடவில்லை. மிகச் சிறிய அளவில் குறையவே செய்தது. அதனால் “இருபது வருஷமா பண்றாரு” என்பதை மட்டும் நம்பி ராமேஸ்வரத்திலிருந்து 55 கிலோமீட்டர் பஸ் ஏற வேண்டியதில்லை.

அந்த மூன்றில் முதல் இரண்டு ஒப்புதல்களும் இந்தக் கரையில் எங்கே உடைகின்றன என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். படகு இலங்கைக் கடற்படையிடம் பிடிபட்டு, படகு முதலாளியான சம்மாட்டியிடம் வாங்கிய முன்பணமும் நகைக்கடனும் கழுத்தை நெரிக்க, ஒருவர் தூக்கமில்லாமல் வந்து உட்காருகிறார் என்று வையுங்கள். அவருக்கு வேண்டியது இரவில் நாலு மணி நேரத் தூக்கம், கடன்காரர் வரும்போது கை நடுங்காமல் பேசும் தெம்பு. எதிரில் இருப்பவர் “நல்லதையே நினைங்க” என்று தொடங்கினால் முதல் ஒப்புதலே போயிற்று. அவர் தலையாட்டுவார், மரியாதையாக எழுந்து போவார், திரும்ப வரமாட்டார். நம் ஊரில் ஆலோசகரிடம் யாரும் மறுத்துப் பேசுவதில்லை; மறுப்பு, வராமல் இருப்பதாகத்தான் தெரியும். 2012இல் ஸ்விஃப்ட்டும் கிரீன்பெர்க்கும் 669 ஆய்வுகளைத் தொகுத்தபோது, ஐந்தில் ஒருவர் பாதியில் நின்றுவிடுகிறார் என்று கண்டார்கள். அது பெரும்பாலும் மேற்கத்திய நாடுகளின் கணக்கு. ஒரு சிட்டிங்குக்கு அரை நாள் கூலியை இழக்க வேண்டிய இடத்தில் நிற்பதற்கான காரணங்கள் இன்னும் கூடுதல்.

இரண்டாவது ஒப்புதல் உடைவது அறிவுரை விஷயத்தில். “நீங்களே ஒரு வழி சொல்லுங்க சார்” என்று வருகிறவரிடம், புத்தகத்தில் படித்தபடி “நீங்க என்ன நினைக்கிறீங்க?” என்று திருப்பித் திருப்பிக் கேட்டால் அவருக்குக் கைவிடப்பட்டது போல இருக்கும். மனநல மருத்துவர் ஜே. எஸ். நேக்கி 1973இலேயே இதைக் கவனித்து, இந்தியச் சூழலுக்கு குரு-சிஷ்ய உறவு ஒரு மாதிரியாகலாம் என்று எழுதினார். அதற்காக ஆலோசகர் குடும்பத் தலைவராகிவிடவும் கூடாது. நல்ல ஆலோசகர் முதல் சிட்டிங்கிலேயே கையில் ஒரு சின்ன வேலையைக் கொடுப்பார். தினம் எத்தனை மணிக்குப் படுத்தோம், எழுந்தோம் என்று ஒரு காகிதத்தில் குறிப்பது, விட்டுப்போன ஒரு காரியத்தை வாரத்தில் இரண்டு நாள் செய்வது, இந்த மாதிரி. அது ஏன் என்றும் இரண்டு வாக்கியத்தில் சொல்வார். அடுத்த முறை முதல் கேள்வியாக அதைப் பற்றிக் கேட்பார். கேட்க மறந்தால் அந்த வேலை அங்கேயே செத்துவிடும்.

சரி, சேவைகளுக்கு வருவோம்.

14416 என்பது மத்திய அரசின் டெலி மானஸ் திட்டம். 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கியது; தமிழ்நாட்டில் ‘நட்புடன் உங்களோடு’ என்ற பெயரில் நடக்கிறது. இலவசம், 24 மணி நேரமும் உண்டு. முதலில் மொழியைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும், பிறகு பயிற்சி பெற்ற ஆலோசகர் எடுப்பார். அவரால் முடியாததை மனநல மருத்துவரிடமோ மாவட்ட மனநலக் குழுவிடமோ மாற்றிவிடுவார். இரவு ஒரு மணிக்கு மூக்கையூரிலோ பாம்பனிலோ ஒருவருக்கு இதைவிடப் பக்கத்தில் வேறு எதுவும் இல்லை. முதல் கதவாக இதற்கு நான் முழு மதிப்பெண் கொடுப்பேன்.

போனில் பேசினால் உறவு உருவாகுமா என்ற சந்தேகத்துக்கு நல்ல பதில் இருக்கிறது. டேவிட் மோர் குழு 2012இல் மனச்சோர்வுள்ள 325 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குப் போனிலும் மறுபாதிக்கு நேரிலும் ஒரே சிகிச்சையை 18 சிட்டிங் கொடுத்தது. போனில் 20.9 சதவீதம் பேரும் நேரில் 32.7 சதவீதம் பேரும் பாதியில் நின்றார்கள். சிகிச்சை முடிந்தபோது இரு பக்கமும் பலன் ஒன்றுதான். ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது நேரில் வந்தவர்கள் கொஞ்சம் மேலே இருந்தார்கள். ஆக, போன் ஒன்றும் இரண்டாந்தரம் அல்ல. ஆனால் அந்த ஆய்வில் ஒவ்வொருவருக்கும் கடைசி வரை ஒரே சிகிச்சையாளர் இருந்தார் என்பதை மறக்கக் கூடாது. 14416இல் யார் எடுப்பார் என்பது அந்த நேரத்துப் பணியைப் பொறுத்தது. அடுத்த அழைப்பிலும் அவரே வருவார் என்று கணக்குப் போட முடியாது. இந்தச் சேவையின் பெரிய குறை என்றால் இதுதான்.

அந்தக் குறையைப் பாதியாவது ஈடுகட்டலாம். அழைப்பின் முடிவில், திரும்ப அழைப்பீர்களா, எந்த நாள், எத்தனை மணிக்கு என்று கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பேசியவர் பெயரையும் அவர் சொன்ன அடுத்த படியையும் எழுதி வையுங்கள். இரண்டாம் முறை வேறொருவர் எடுத்தால் முழுக் கதையையும் முதலிலிருந்து சொல்ல வேண்டாம். “போன தடவை இதைச் செய்யச் சொன்னாங்க, இவ்வளவு நடந்துச்சு, இது நடக்கல” என்று தொடங்கினால் போதும். வீட்டில் ஒரே போன் என்றால், அது யார் கையில் எந்த நேரம் இருக்கும் என்பதை ஆலோசகரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். திரும்ப வரும் அழைப்பைக் கணவரோ மாமியாரோ எடுத்துச் சிக்கலானால் அந்த அழைப்பு உதவியாகாது, தொந்தரவாகும். கீழக்கரைக் குடும்பங்களுக்கு ஒரு வார்த்தை: இது உள்நாட்டுக் குறுகிய எண். வளைகுடாவில் இருக்கும் சபுராளி அங்கிருந்து இதைப் போட முடியும் என்று நம்ப வேண்டாம். ஊருக்கு வந்திருக்கும் விடுப்பில்தான் அவருக்கு இது பயன்படும். சாகலாம் போல இருக்கிறது என்ற நிலையில் சென்னை சிநேகா தன்னார்வலர்களும் காது கொடுப்பார்கள்: 044-24640050. குழந்தைகளுக்கு 1098.

அரசு மனநலப் பிரிவின் பலம், மருந்தும் மருத்துவரும் ஒரே இடத்தில் இருப்பது. காதில் குரல் கேட்பது, சந்தேகம் முற்றிச் சாப்பாட்டைத் தொடாமல் இருப்பது, நாட்கணக்கில் தூங்காமல் அளவுக்கு மீறிப் பேசுவது, பிரசவத்துக்குப் பின் தாய் பிள்ளையைப் பார்க்க மறுப்பது, இவற்றில் எதுவானாலும் கவுன்சலிங் தேடி அலையாமல் நேராக இங்கே போக வேண்டும். பேச்சு மட்டும் போதாத நோய்கள் இவை. பலவீனம் நேரம். காலை ஓ.பி. கூட்டத்தில் டாக்டர் ஒருவருக்கு ஒதுக்க முடிகிற நிமிடங்களில் மருந்து மாற்றத்தைத் தாண்டிப் பெரிதாகப் பேச முடியாது. அதனால் டாக்டரைப் பார்த்துவிட்டுக் கிளம்பிவிடாமல், உளவியலாளரையோ மனநல சமூகப் பணியாளரையோ தனியாகப் பார்க்க வேண்டும் என்று கேட்டு, எந்த நாளில் அவர் இருப்பார் என்று தெரிந்துகொள்ளுங்கள். வட்டார அளவில் மாவட்டத் திட்டக் குழு எங்கே, எப்போது வருகிறது என்பதையும் அங்கேயே விசாரித்தால் அடுத்த முறை ராமநாதபுரம் வரை போக வேண்டியிராது.

டாக்டரிடம் சொல்ல நேரம் குறைவு என்பதற்கு ஒரு கருவி உதவும். பிஎச்கியூ-9 என்பது கடந்த இரண்டு வாரத்தைப் பற்றிய ஒன்பது கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3, மொத்தம் 27. தமிழிலும் இருக்கிறது. 10ஐ எட்டினால் மனச்சோர்வுக்குப் பரிசோதிக்க வேண்டும். 20ஐத் தொட்டால் கடுமை. சிகிச்சையில் 5 புள்ளி குறைந்தால் உண்மையான முன்னேற்றம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். ஒன்பதாவது கேள்வி சாவு எண்ணம் பற்றியது. மொத்தம் எவ்வளவு குறைவாக இருந்தாலும் அதில் 0 தவிர வேறு எது வந்தாலும் அன்றைக்கே பேசியாக வேண்டும். ஒவ்வொரு சிட்டிங்குக்கும் முன்னால் இதை நிரப்பிக் கொண்டுபோனால் “எப்படி இருக்கீங்க?” “பரவாயில்ல” என்று போகும் இரண்டு நிமிடம் மிஞ்சும்.

எண் எதற்கு, ஆலோசகருக்கே தெரியாதா என்பார்கள். தெரியாது. 2005இல் ஹன்னன் குழு 550 பேரின் சிகிச்சையைப் பின்தொடர்ந்து, யார் மோசமாகப் போகிறார்கள் என்று சிகிச்சையாளர்களையே கணிக்கச் சொன்னது. அவர்கள் கைகாட்டியது மூன்று பேரை. உண்மையில் மோசமானவர்கள் 40 பேர். அக்கறையில்லாததால் அல்ல, எதிரில் இருப்பவர் மரியாதைக்காகச் சிரிக்கிறார், இவரும் நம்பிவிடுகிறார்.

தனியார் ஆலோசகர்களை ஒட்டுமொத்தமாகப் பாராட்டவோ குறைசொல்லவோ முடியாது. தரத்தில் இவ்வளவு ஏற்ற இறக்கம் வேறு எந்தச் சேவையிலும் இல்லை. மருத்துவ உளவியலாளர் என்று போர்டு இருந்தால் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலின் பதிவு எண் இருக்க வேண்டும், கேட்டால் காட்டுவார். வெறும் ‘கவுன்சலிங் சென்டர்’ என்றால் உளவியலிலோ சமூகப் பணியிலோ முதுகலை படித்தாரா, யாருடைய மேற்பார்வையில் பழகினார் என்று கேளுங்கள். மேற்பார்வை பற்றிய கேள்விக்கு முகம் சுளிக்கிறவரை விட்டு விலகலாம். ஒரு சிட்டிங் 45 முதல் 50 நிமிடம். கட்டணம் எவ்வளவு, ஏறக்குறைய எத்தனை சிட்டிங், எதை வைத்து முடித்துக்கொள்வோம் என்பது முதல் நாளே பேசப்பட வேண்டும். பத்து சிட்டிங்குக்கு முன்பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். உறவு சரிப்படுமா என்பது மூன்றாவது, நான்காவது சந்திப்புக்குள் பெரும்பாலும் தெரிந்துவிடும். அதற்குள் அந்த இரண்டு ஒப்புதல், பிடிப்பு இவற்றில் ஒன்றுகூட அமையவில்லை என்றால் “எனக்கு இது உதவல, வேற மாதிரி செய்யலாமா?” என்று நேராகக் கேட்க வேண்டும். அந்தக் கேள்வியை அவர் எப்படி வாங்குகிறார் என்பதே நல்ல பரிசோதனை. கோபப்படாமல் கேட்டு முறையை மாற்றினால், உடைந்த இடம் சேர்ந்த உறவு முன்பைவிட நன்றாக வேலை செய்கிறது என்கின்றன ஆலோசகருடனான உறவில் வரும் விரிசல் பற்றிய ஆய்வுகள்.

ரகசியம் பற்றிக் கேட்காமல் யாரிடமும் பேசத் தொடங்க வேண்டாம். மீன்பிடி ஊர்களில் ஆலோசகர் யாருக்காவது சொந்தமாக இருப்பார். ஜமாத்திலோ தேவாலயப் பங்கிலோ ஊர்க் கமிட்டியிலோ அவருக்கும் ஒரு இடம் இருக்கும். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு ரகசியம் காப்பதை உரிமையாக்கியிருக்கிறது. உயிருக்கு ஆபத்து என்றால் தேவையான அளவுக்கு வெளியே சொல்லலாம்; குழந்தை மீதான பாலியல் குற்றம் என்றால் சொல்லியே ஆக வேண்டும். இந்த விலக்குகளை முதல் நாளே சொல்லிவிடும் ஆலோசகர் நம்பத்தக்கவர். “எதுவானாலும் வெளிய போகாது” என்று மொத்தமாக வாக்குக் கொடுப்பவர், அப்படி ஒரு நாள் வந்தால் வாக்கை மீற வேண்டியிருக்கும்.

மனநோய் குணமாக வேண்டித் தர்காவுக்குக் குடும்பங்கள் வரும் ஏர்வாடியை விட்டுவிட்டு இந்த மாவட்டத்தின் மனநலச் சேவையைப் பேச முடியாது. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் அங்கே ஒரு காப்பகம் தீப்பற்றியபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் தப்ப வழியின்றி இறந்தார்கள். அந்தச் சங்கிலியை இன்று அதே 2017 சட்டத்தின் 95ஆம் பிரிவு எந்த வடிவிலும் தடைசெய்கிறது. இப்போது தர்காவுக்கு வருகிறவர்களுக்கு துவாவோடு (பிரார்த்தனையோடு) மருந்தும் கிடைக்கும்படி அரசின் ‘தவா-துவா’ திட்டம் இருக்கிறது. உறவை அளவுகோலாகக் கொண்டால் இது மிகச் சரியான ஏற்பாடு. “பேய் பிடிச்சிருக்கு” என்று நம்பி வந்த குடும்பத்திடம் அந்த நம்பிக்கையை உடைத்துவிட்டு மாத்திரையைக் கொடுத்தால், மாத்திரை கடலுக்குள் போகும். துவாவும் இருக்கட்டும், இதுவும் இருக்கட்டும் என்றால் வேலையில் ஒப்புதல் கிடைக்கிறது. குடும்பம் கவனிக்க வேண்டியது ஒன்று: ஊருக்குத் திரும்பும்போது மருந்துச் சீட்டையும் அடுத்து எங்கே வாங்குவது என்ற விவரத்தையும் கையோடு வாங்க வேண்டும். நடுவில் நின்ற மருந்துதான் நோயைத் திரும்பக் கொண்டுவருகிறது.

குடி விஷயத்தில் கரையில் நடப்பது பெரும்பாலும் தலைகீழ். மனைவி, சம்மாட்டி, ஊர்ப் பெரியவர் எல்லாரும் சேர்ந்து உட்காரவைத்துத் திட்டியபின் ஆலோசகரிடம் அனுப்புகிறார்கள். அவரும் அதையே செய்தால் பலன் எதிராகும். 1993இல் மில்லர் குழு செய்த ஆய்வில், சிகிச்சையாளர் எவ்வளவு எதிர்த்து மடக்கினாரோ அவ்வளவு அதிகமாக ஒரு வருடம் கழித்து அவரிடம் வந்தவர் குடித்தார். கோவாவில் 2017இல் சோதிக்கப்பட்ட முறை இதற்கு நேர் எதிர்: டாக்டரல்லாத, பயிற்சி பெற்ற உள்ளூர்க்காரர்கள், அதிகபட்சம் நாலு சிட்டிங், குடிப்பவரின் வாயிலிருந்தே மாற்றத்துக்கான காரணத்தை வரவைப்பது. அளவு மீறிக் குடித்த ஆண்களில் 36 சதவீதம் பேர் மூன்று மாதத்தில் அபாய எல்லைக்குக் கீழே வந்தார்கள். வழக்கமான சிகிச்சையில் 26 சதவீதம். தினமும் குடித்து, நிறுத்தினால் கை நடுங்கி வலிப்பு வருகிற நிலையில் இருப்பவருக்கு இது போதாது. அவரை ஆஸ்பத்திரியில் வைத்தே நிறுத்த வேண்டும். வீட்டில் ஒரேயடியாக நிறுத்துவது உயிருக்கு ஆபத்து.

புயலோ படகு விபத்தோ நடந்த மறுநாள் வந்து, தப்பியவர்களை வட்டமாக உட்காரவைத்து நடந்ததை முழுக்கச் சொல்லச் சொல்லும் குழுக்களுக்கு இடம் கொடுக்க வேண்டாம். ஒரே அமர்வில் கிளறிவிட்டுப் போகும் இந்த முறை பின்னால் வரும் மனக்காயத்தைத் தடுப்பதில்லை என்று, பல சோதனைகளை ஒன்றுசேர்த்துப் பார்த்த காக்ரேன் தொகுப்பாய்வு காட்டியது. தீக்காயம்பட்டவர்களிடம் நடந்த ஒரு சோதனையில், 13 மாதம் கழித்து இதைப் பெற்றவர்களில் 26 சதவீதம் பேருக்கும் பெறாதவர்களில் 9 சதவீதம் பேருக்கும் அந்த மனக்காய நோய் இருந்தது. முதல் நாட்களில் வேண்டியது சாப்பாடு, உலர்ந்த துணி, உறவினர் எங்கே என்ற தகவல், பேச விரும்பினால் கேட்க ஓர் ஆள்.

உயிரை மாய்க்க முயன்று பிழைத்தவர்களுக்கு எளிமையான, சோதிக்கப்பட்ட ஏற்பாடு ஒன்று உண்டு. உலக சுகாதார நிறுவனம் சென்னையையும் கொழும்பையும் உள்ளடக்கி ஐந்து இடங்களில் 1,867 பேரிடம் நடத்திய ஆய்வு 2008இல் வெளியானது. ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பும்போது ஒரு மணி நேரப் பேச்சு. பிறகு 1, 2, 4, 7, 11ஆம் வாரங்களிலும் 4, 6, 12, 18ஆம் மாதங்களிலும் போனிலோ நேரிலோ விசாரிப்பு. பதினெட்டு மாதத்தில் தற்கொலையால் இறந்தவர்கள் இந்தப் பக்கம் 0.2 சதவீதம், வழக்கமான சிகிச்சைப் பக்கம் 2.2 சதவீதம். இந்த ஒன்பது தேதிகளையும் காலண்டரில் குறித்துவைக்கும் எந்தச் சேவையையும் தயங்காமல் பரிந்துரைக்கலாம். குறிக்காத இடமானால் சுகாதாரச் செவிலியரிடமோ 14416இலோ தேதி சொல்லிக் கேளுங்கள். போலீஸ் கேஸ் ஆகும் என்று பயந்து மறைக்க வேண்டாம். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115ஆம் பிரிவு, முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருதச் சொல்கிறது. அவருக்குச் சிகிச்சை கொடுப்பது அரசின் கடமை என்கிறது.

நேரம் குறிப்பதில் எல்லாச் சேவைகளும் கடலைக் கணக்கில் எடுக்க வேண்டும். பாசி எடுக்கும் பெண்களுக்கு அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் சிட்டிங் வைத்தால் வரமாட்டார்கள். விசைப்படகுக்காரருக்குத் தொழில் நாள் எது என்று கேட்காமல் தேதி கொடுப்பது வீண். கோவாவின் இன்னொரு ஆய்வில் கடும் மனச்சோர்வுள்ளவர்களுக்கு வாரம் ஒன்றாக 6 முதல் 8 சிட்டிங், ஒவ்வொன்றும் 30 முதல் 40 நிமிடம் கொடுத்தபோது 64 சதவீதம் பேர் மீண்டார்கள். வழக்கமான சிகிச்சையில் 39. விசைப்படகுகளுக்கான மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். எட்டு வாரச் சிட்டிங் முழுதாக அதற்குள் அடங்கும். மார்ச் கடைசியிலேயே மனநலப் பிரிவில் பெயர் கொடுத்து, தடை தொடங்கிய முதல் வாரத்திலேயே முதல் சிட்டிங்கை வாங்கிவிடுங்கள். மே மாதம் தொடங்கினால் படகு கிளம்பும்போது ஐந்தோ ஆறோதான் முடிந்திருக்கும். மிச்சத்தைப் போனில் தொடர முடியுமா என்று அதே ஆலோசகரிடம் முன்கூட்டியே கேட்டுவைக்க வேண்டும்.